தோல் டாக்டருக்கு இண்டம்னிட்டி பாலிசி: பஞ்ச் கிராஃப்ட் அழகுக் கணக்கா, நோய்க் கணக்கா?

பாளை வேம்பு | திங்கள், இரவு 10:40

வணக்கம். தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்துவிட்டு மூன்று வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் சம்பளத்துக்கு இருந்தேன். இந்தச் சித்திரையில் பெருமாள்புரத்தில் சொந்தமாகக் கிளினிக் போட்டிருக்கிறேன். காலையில் படர்தாமரை, சொறி, சோரியாசிஸ், பீடி சுற்றுகிற பெண்களின் கை வெடிப்பு. சாயங்காலம் ஆனால் கல்யாணப் பெண்கள்: முடி நீக்க லேசர், முகத்துக்குப் பீல் (அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது). நடுவில் வெண்புள்ளிக்குப் பஞ்ச் கிராஃப்ட், வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ.

மருத்துவமனையில் இருந்தவரை, நோயாளி நஷ்டஈடு கேட்டு வந்தால் டாக்டருக்காகக் கொடுக்கிற இந்தக் காப்பீட்டைப் பற்றி நினைத்ததே கிடையாது. நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். இப்போது ஒரு ஏஜென்ட் வந்தார். "டாக்டர் இண்டம்னிட்டி, 50 லட்சம், எல்லாம் கவர் ஆகும் மேடம்" என்று சொல்லிப் பாதி நிரப்பிய படிவத்தில் கையெழுத்து வாங்கிப் போனார். பாலிசி மெயிலில் வந்துவிட்டது. நேற்று கரண்டு போன நேரத்தில் வேறு வேலை இல்லாமல் அதைப் படித்தேன். விலக்குகள் என்ற தலைப்பின் கீழ், அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரி, முடி மாற்று, பஞ்ச் கிராஃப்ட், ஃபிளாப் (தோல் துண்டை நகர்த்தித் தைக்கிற) வேலைகள், இவற்றைச் சேர்ந்த அறுவைகள் என்று ஒரே வரியில் அடுக்கியிருக்கிறார்கள்.

நான் பஞ்ச் கிராஃப்ட் செய்வது வெண்புள்ளிக்கு. தொடையிலிருந்து சின்னச் சின்னதாகத் தோல் எடுத்து வெள்ளையான இடத்தில் பதிப்பது. இது எப்படி அழகுக் கணக்கில் போகும்? லேசர், பீல் பற்றி அந்த வரியில் பேச்சே இல்லை. சொல்லாததால் வரும் என்று எடுத்துக்கொள்ளலாமா, "இவற்றைச் சேர்ந்த" என்ற சொல்லுக்குள் அதையும் அள்ளிப் போட்டுவிடுவார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வள்ளியூர் காற்றாலை | திங்கள், இரவு 11:05

கரண்டு போனதால் ஒரு நல்லது நடந்திருக்கிறது. நான் டாக்டர் இல்லை, ஒரு சந்தேகம் மட்டும். என் பைக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லையென்றால் அபராதம். முகத்தில் லேசர் அடிக்கிறவர்களுக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லையா?

பென்ஷன் மேஜை | செவ்வாய், காலை 6:20

காற்றாலைத் தம்பிக்கு முதலில். வண்டிக்குக் கட்டாயம், வைத்தியத்துக்குக் கட்டாயம் இல்லை. சில மருத்துவமனைகள் தங்களிடம் வேலை பார்க்கும் டாக்டர்களிடம் கேட்கும். சட்டம் கேட்பதில்லை.

டாக்டரம்மா, நான் பொதுத்துறை காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கிளைம் மேஜையில்தான் பாதிக் காலம். நீங்கள் கேட்ட அந்த வரி பல நிறுவனங்களின் டாக்டர் பாலிசியில் அச்சு மாறாமல் இருக்கும். தோல் டாக்டர்கள் அதைப் படிப்பதே இல்லை, பிளாஸ்டிக் சர்ஜனுக்கு எழுதியது என்று தாண்டிவிடுவார்கள். உங்களுக்கு அந்த ஒரு சொல் கண்ணில் பட்டது பெரிய விஷயம்.

நான் அந்த மேஜையில் இருந்தபோது ஒரு கிளைம் வந்தால் முதலில் எடுப்பது பாலிசியை அல்ல, நீங்கள் கையெழுத்துப் போட்ட படிவத்தை. அதில் என்ன தொழில் என்று எழுதியிருக்கிறது? "தோல் நோய் ஆலோசனை" என்று மட்டும் இருந்தால், ஆலோசனை சொல்கிற டாக்டருக்குத்தான் நிறுவனம் பிரீமியம் வாங்கியிருக்கிறது. அறுவை செய்கிறவருக்கு வேறு விகிதம். லேசர் மெஷின் வாங்கிப் போட்டதைச் சொல்லாமல் விட்டால், முக்கியமான தகவலை மறைத்ததாக ஆகிவிடும். மறைத்தது ஏஜென்டாக இருக்கலாம், கையெழுத்து உங்களுடையது. பாதி நிரப்பிய படிவம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குக் காப்பி இறங்கவில்லை.

அடுத்தது அந்த 50 லட்சம். பாலிசியின் முதல் பக்கத்தில் 1:1, 1:2, 1:3, 1:4 என்று ஏதாவது ஒரு விகிதம் இருக்கும். ஒரு சம்பவத்துக்கு எவ்வளவு, ஒரு வருடம் முழுவதற்கும் எவ்வளவு என்பதுதான் அது. வருடத்துக்கு 1 கோடி, விகிதம் 1:4 என்றால் ஒரு கேஸுக்கு அதிகபட்சம் 25 லட்சம்தான். கோடி ரூபாய் பாலிசி என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள், நோட்டீஸ் வரும்போது கால் கோடி என்று தெரியும். வக்கீல் செலவும் பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்தான் அடக்கம். மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

லேசரை யார் அடிக்கிறார்கள்? நீங்களா, டெக்னீஷியனா?

பாளை வேம்பு | செவ்வாய், மதியம் 2:15

அண்ணாச்சி, படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டேன். "ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட், கன்சல்டிங்". அவ்வளவுதான் இருக்கிறது. செய்முறைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு. விகிதம் 1:2, அதாவது ஒரு கேஸுக்கு 25 லட்சம்.

லேசர் முதல் முறை நான் அளவு வைத்துக் கொடுப்பேன். அடுத்தடுத்த முறைகள் டெக்னீஷியன் பெண் பார்க்கிறாள். நான் பக்கத்து அறையில் இருப்பேன்.

பென்ஷன் மேஜை | செவ்வாய், மாலை 4:50

பக்கத்து அறை என்பது பாலிசியில் இல்லாத இடம், டாக்டரம்மா. உங்கள் பெயரில் இருக்கும் பாலிசி உங்கள் கைக்கு. கிளினிக்குக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் மருத்துவ நிறுவனங்களுக்கென்று தனிப் பாலிசி இருக்கிறது. சில நிறுவனங்கள் டாக்டர் பெயரில் உள்ள பாலிசியிலேயே கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு பணியாளர்களைச் சேர்ப்பார்கள், ஆனால் தகுதியுள்ள ஆட்களை மட்டும். அந்தப் பெண் என்ன படித்திருக்கிறாள் என்று கேட்பார்கள். இரண்டு வாரப் பயிற்சிச் சான்றிதழை நீட்டினால் ஏற்பார்களா என்பதை இப்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தீக்காயம் பட்ட பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

செங்கோட்டைச் சாரல் | செவ்வாய், இரவு 9:30

நான் தோல் டாக்டர், தென்காசிப் பக்கம், 26 வருடம். இந்த இழையில் லேசர் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறீர்கள். என்னை மாட்டிவிட்டது வாரம் ஒருமுறை போடுகிற மஞ்சள் மாத்திரை.

சோரியாசிஸுக்கு மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள். தோல் டாக்டர்கள் எல்லோருக்கும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். வயல்காட்டுப் பெரியவர் ஒருவர், மகன் வெளியூரில். நான் சீட்டில் ஆங்கிலத்தில் "வாரம் ஒருமுறை" என்று எழுதினேன், வாயால் சொல்லவும் சொன்னேன். அவர் வீட்டில் அதை மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போட்டு தினமும் விழுங்கியிருக்கிறார். பத்து நாளில் வாயெல்லாம் புண், ரத்த அணுக்கள் தரைமட்டம். வேறொரு மருத்துவமனையில் ஃபோலினிக் அமிலம் ஏற்றி, பல நாள் வைத்திருந்து காப்பாற்றினார்கள். நான் தினமும் போய்ப் பார்த்தேன்.

இது நடந்தது ஒரு தை மாதம். அப்போது என்னிடம் பாலிசி இருந்தது. பங்குனியில் புதுப்பிக்க வேண்டும். வீட்டில் மகள் கல்யாணம், மறந்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து வேறு நிறுவனத்தில் புதிதாக எடுத்தேன், கொஞ்சம் மலிவாக இருந்தது என்ற சந்தோஷத்தோடு. ஐப்பசியில் வக்கீல் நோட்டீஸ் வந்தது.

பழைய நிறுவனம் என்ன சொன்னது? "கிளைம் வந்த தேதியில் எங்கள் பாலிசி உயிரோடு இல்லை." புதிய நிறுவனம்? "சம்பவம் எங்கள் ரெட்ரோ தேதிக்கு முந்தையது." இரண்டு பேருமே தங்கள் வாசகப்படி சரியாகத்தான் சொன்னார்கள். நோய்க் காப்பீடு மாதிரி இது சம்பவம் நடந்த நாளை மட்டும் பார்ப்பதில்லை. ரெட்ரோ தேதி என்று பாலிசியில் ஒரு தொடக்க நாள் இருக்கும். சம்பவம் அதற்குப் பிறகு நடந்திருக்க வேண்டும், புகார் வருகிற நாளிலும் பாலிசி ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த ரெட்ரோ தேதி வருடா வருடம் இடைவெளி இல்லாமல் புதுப்பித்தால்தான் தொடரும். இரண்டு மாத ஓட்டையில் என் பதினோரு வருடமும் ஒழுகிப் போனது.

கையிலிருந்து கொடுத்துச் சமாதானமாக முடித்தேன். எவ்வளவு என்று எழுத மாட்டேன், என் மனைவி இங்கே படிக்கிறாள்.

மேலப்பாளையம் மருந்துக்கடை | செவ்வாய், இரவு 10:12

சார், உங்கள் கதையைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் கவரில் எழுதுவது 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) மாதிரிதான். வாரம் ஒருமுறைக்கு எங்களிடம் குறியீடே இல்லை. இப்போது ஒரு தோல் டாக்டர் "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று தமிழில் ரப்பர் ஸ்டாம்பு அடித்து அனுப்புகிறார், கீழே நான்கே மாத்திரைதான், ஒரு மாதத்துக்கு. அதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கும். அந்த ஸ்டாம்பு எத்தனை ரூபாய் இருக்கும்?

செங்கோட்டைச் சாரல் | செவ்வாய், இரவு 10:20

நூற்று இருபது. நானும் செய்து வைத்துவிட்டேன், பிற்பாடு.

முக்கூடல் இலை | புதன், காலை 8:02

இங்கே தோல் டாக்டர்கள் இருப்பதால் கேட்கிறேன். என் மதினிக்கு இடுப்பில் படர்தாமரை, கடையில் ஒரு டியூப் வாங்கிப் போட்டாள், முதலில் குறைந்து இப்போது வட்டம் வட்டமாகப் பரவுகிறது. எந்தக் களிம்பு நல்லது?

பாளை வேம்பு | புதன், காலை 8:30

இழைக்குச் சம்பந்தம் இல்லாத மாதிரி இருந்தாலும் சம்பந்தம் இருக்கிறது. அந்த டியூபில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும், பூஞ்சை உள்ளே வளரும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுபோனது, கடைகளில் இன்னும் கிடைக்கிறது. அதை உடனே நிறுத்திவிட்டு ஒரு தோல் டாக்டரிடம் நேரில் காட்டச் சொல்லுங்கள். இங்கே பெயர் எழுத மாட்டேன். பார்க்காமல் எழுதினால் அதற்கும் நான்தான் பொறுப்பு, பென்ஷன் அண்ணாச்சி என்னை உயிரோடு விட மாட்டார்.

கோர்ட்டு வாசல் | புதன், இரவு 9:45

நான் வக்கீல், பாளையங்கோட்டை. நுகர்வோர் வழக்குகளில் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

காசு வாங்கிச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் சொன்னது. 2024இல் இன்னொரு வழக்கில், வக்கீல்கள் அந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள் என்று தீர்ப்பு வந்தபோது, டாக்டர்கள் விஷயத்தையும் திரும்பப் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு எழுந்தது. அதே வருடம் நவம்பரில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தேவையில்லை என்று முடித்துவிட்டது. டாக்டர்கள் எங்களைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது நியாயம்தான்.

தோல் டாக்டர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு: நம்மிடம் வந்து யாரும் சாவதில்லை, பெரிய தொகை வராது என்று. இந்தியாவில் மருத்துவக் கவனக்குறைவுக்குப் பெரிய தொகை தீர்ப்பானது ஒரு தோல் வழக்கில்தான். 1998இல் கொல்கத்தாவில் உடம்பில் தடிப்போடு வந்த ஒரு பெண்ணுக்கு மெதுவாகக் கரைகிற ஸ்டீராய்டு ஊசியை அளவு மீறிப் போட்டார்கள். தோல் உரிகிற டென் என்கிற நோயில் அவர் இறந்தார். சிகிச்சை அளித்தவர்களில் தோல் டாக்டரும் ஒருவர். கணவர் குணால் சாஹா தானும் டாக்டர், பதினைந்து வருடம் விடாமல் வழக்காடினார். 2013இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 6 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும் கொடுக்கச் சொன்னது. பெரும்பகுதி மருத்துவமனை தலையில் விழுந்தது, டாக்டர்களுக்கும் லட்சக்கணக்கில் பங்கு வந்தது. 25 லட்சம் போதுமா என்று கேட்பவர்கள் இதையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். எல்லா வழக்கும் இப்படிப் போகாது என்பதும் உண்மை.

2019ஆம் வருடச் சட்டத்தில் டாக்டர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. புகார் கொடுப்பவர் தான் வசிக்கிற ஊரிலேயே கொடுக்கலாம். பெருமாள்புரத்தில் பீல் செய்துகொண்ட பெண் கல்யாணமாகி கோயம்புத்தூர் போனால், நோட்டீஸ் கோயம்புத்தூரிலிருந்து வரும். நீங்கள் வாய்தாவுக்கு வாய்தா இங்கிருந்து பஸ் ஏற வேண்டும், அல்லது அங்கே வக்கீல் வைக்க வேண்டும். புகார் கொடுக்க அவருக்கு இரண்டு வருடம் இருக்கிறது. பதில் கொடுக்க உங்களுக்கு இருப்பது 30 நாள். ஆணையம் மனது வைத்தால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தர முடியாது என்று 2020இல் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். இந்த 45 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனம் வக்கீலை ஒப்புக்கொண்டு, அவர் கேஸ் ஷீட்டைப் படித்து, பதில் எழுத வேண்டும். ஆகவே வக்கீல் நோட்டீஸ் கையில் கிடைத்த அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். ஏஜென்டிடம் போனில் சொல்வது சொன்னதாகாது.

பஞ்ச் கிராஃப்ட் பற்றி: ஒரு வாசகம் இரண்டு விதமாகப் பொருள் தந்தால், அதை எழுதிய நிறுவனத்துக்கு எதிராகத்தான் நீதிமன்றம் பொருள் கொள்ளும். "அழகுக்கான" என்ற சொல் பின்னால் வரும் பஞ்ச் கிராஃப்டுக்கும் சேர்த்துத்தான், அதனால் நோய்க்குச் செய்வது விலக்கில் வராது என்று நான் வாதாடுவேன். ஜெயிக்கலாம், ஆனால் அதற்கே சில வருடம் ஓடிவிடும். அதனால் இப்போதே நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு, சேர்த்து வாங்குவது மேல்.

கல்லிடை அம்மா | வியாழன், காலை 11:10

நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை. எல்லோரும் டாக்டர் பக்கம் நின்று பேசுகிறீர்கள், ஒரு தாயாரும் பேசுகிறேன்.

என் மகளுக்கு நிச்சயம் முடிந்து ஒன்றரை மாதத்தில் கல்யாணம். முகத்தில் பரு வடு. திருநெல்வேலியில் ஒரு தோல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். பீல் செய்தால் பளிச்சென்று ஆகிவிடும், நான்கு முறை என்றார்கள். கல்யாணத்துக்கு முன்னால் முடிய வேண்டும் என்று அவசரப்படுத்தியது நான்தான், அதை மறைக்கவில்லை. மூன்றாவது முறை வீட்டுக்கு வந்ததும் கன்னம் எரிகிறது என்று அழுதாள். மறுநாள் கன்றிச் சிவந்து, வாரத்தில் கருத்து இரண்டு கன்னத்திலும் திட்டாக நின்றுவிட்டது. நலுங்கில் மஞ்சள் பூசக்கூட முகத்தைக் கொடுக்க மாட்டேன் என்று உட்கார்ந்தாள்.

நாங்கள் கேஸ் போடப் போகவில்லை. டாக்டரைப் பார்க்கப் போனோம். முதல் முறை நன்றாகப் பேசினார், களிம்பு கொடுத்தார், வெயிலில் போகாதே என்றார். இரண்டாம் முறை போனபோது ரிசப்ஷனிலேயே நிறுத்திவிட்டார்கள். "எங்கள் காப்பீட்டுக்காரர்கள் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒரு பையன் சொன்னான். அந்த ஒரு வார்த்தையில்தான் என் வீட்டுக்காரர் வக்கீலைத் தேடிப் போனார். அதற்கு முன்னால் அந்த எண்ணமே எங்களுக்கு இல்லை.

பாலிசி இருப்பதால்தான் டாக்டர் முகத்தைக் காட்டாமல் போனாரா? அப்படியென்றால் அது யாரைக் காப்பாற்றுகிற பாலிசி?

பாளை வேம்பு | வியாழன், மதியம் 3:40

அம்மா, இதைப் படித்துவிட்டு மதியம் வந்த இரண்டு பேருக்கு பீலைத் தள்ளி வைத்துவிட்டேன். ஒருத்திக்கு இருபது நாளில் கல்யாணம். நம் ஊர் நிறத்துக்குத் தோல் கொஞ்சம் கோபப்பட்டாலும் கருத்துவிடும். அது பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் மங்கும், கல்யாணத் தேதிக்குக் காத்திருக்காது. அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நான்கு முறையை ஆறு வாரத்துக்குள் அடைக்கிறோம். இப்போது மகள் முகம் எப்படி இருக்கிறது?

கல்லிடை அம்மா | வியாழன், மாலை 5:00

எட்டு மாதத்தில் முக்கால்வாசி போய்விட்டது. கல்யாண ஆல்பத்தைத்தான் இன்னும் திறக்கவில்லை.

கோர்ட்டு வாசல் | வியாழன், இரவு 9:15

அந்த ரிசப்ஷன் பையன் சொன்னது பாலிசியில் பாதி இருக்கிறது. நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருவதாகச் சொல்லக் கூடாது, சமரசம் செய்யக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை. நோயாளியைப் பார்க்காதே, சிகிச்சையைத் தொடராதே, என்ன நடந்தது என்று விளக்காதே என்று எந்தப் பாலிசியிலும் நான் படித்ததில்லை. "உங்கள் மகளுக்கு இப்படி ஆனதில் எனக்கு வருத்தம், கருமை ஏன் வந்தது, இனி இதைச் செய்வோம்" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. "என் தப்புதான், ஐம்பதாயிரம் தருகிறேன்" என்று வாட்ஸப்பில் எழுதினால்தான் சிக்கல்.

செங்கோட்டைச் சாரல் | வியாழன், இரவு 9:50

வக்கீல் சார் சொன்ன கோடு கோர்ட்டில் இருந்து பார்த்தால் தெளிவாக இருக்கும். எதிரே ஒரு அம்மா அழுதுகொண்டு நிற்கும்போது எங்கே வருத்தம் முடிந்து எங்கே ஒப்புதல் தொடங்குகிறது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெரியவரைத் தினமும் போய்ப் பார்த்தபோது, "நான் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்" என்று மகனிடம் சொல்லிவிட்டேன். பாலிசி விடாமல் தொடர்ந்திருந்தால் அதை வைத்தே மறுத்திருப்பார்கள். ஆனால் அப்படிச் சொன்னதால்தான் அந்த மகன் கடைசியில் சமாதானத்துக்கு வந்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இதில் சரி எது என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது.

பென்ஷன் மேஜை | வெள்ளி, காலை 6:05

முப்பது வருடத்தில் அந்த நிபந்தனையை மட்டும் வைத்து ஒரு கிளைமை நான் தள்ளியதில்லை. மேலே இருந்தவர்கள் தள்ளியது உண்டு. சாரல் டாக்டர் சொன்னதற்குமேல் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

தென்காசித் தூறல் | வெள்ளி, காலை 10:30

நான் ஒரு கிளினிக்கின் மேனேஜர். மாதத்துக்கு இரண்டு ஞாயிறு சென்னையிலிருந்து டாக்டர் வந்து முடி மாற்று செய்வதாகப் பேச்சு. அவர் தன்னிடம் பாலிசி இருக்கிறது என்கிறார். எங்களுக்குத் தனியாக வேண்டுமா?

கோர்ட்டு வாசல் | வெள்ளி, மதியம் 1:20

வேண்டும். வழக்கு வந்தால் முதல் எதிரியாகக் கிளினிக்கைத்தான் சேர்ப்பார்கள். போர்டு உங்களுடையது, பில் உங்களுடையது. அவருடைய பாலிசியில் முடி மாற்று விலக்கா என்பதையும் பாருங்கள், இந்த இழையின் முதல் பதிவே அதைப் பற்றித்தான்.

2016இல் சென்னையில் முடி மாற்று செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தது நினைவிருக்கும். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற பதிவுபெற்ற டாக்டர்தான் இதைச் செய்யலாம், பட்டறையில் உட்கார்ந்து பார்த்தோ யூடியூப் பார்த்தோ கற்றது போதாது என்று வழிகாட்டுதல் கொடுத்தது. உயிர் போனால் நுகர்வோர் ஆணையத்தோடு நிற்காது. பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவில் டாக்டருக்கு இரண்டு வருடம் வரை, டாக்டர் அல்லாதவருக்கு ஐந்து வருடம் வரை சிறை. குற்ற வழக்கின் தண்டனையை எந்தப் பாலிசியும் சுமக்காது. முடியை நட்டுக்கொண்டிருப்பது யார் என்று ஞாயிற்றுக்கிழமை உள்ளே எட்டிப் பாருங்கள் தம்பி.

வள்ளியூர் காற்றாலை | வெள்ளி, மதியம் 1:35

நான் வழுக்கையாகவே இருந்துகொள்கிறேன்.

பாளை வேம்பு | வெள்ளி, இரவு 10:00

இன்னும் ஒரு கேள்வி. கடையநல்லூர், மேலப்பாளையத்துக்காரர்கள் பலர் துபாய், சவுதியில். லீவில் வந்து காட்டிவிட்டுப் போகிறார்கள், பிறகு அங்கிருந்து வாட்ஸப்பில் படம் அனுப்பி "டாக்டர், இப்படி ஆகிவிட்டது" என்கிறார்கள். பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பென்ஷன் மேஜை | சனி, காலை 6:15

பாலிசியில் எல்லை என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் இந்தியாவுக்குள் நடந்த சிகிச்சை, இந்திய நீதிமன்றம், அவ்வளவே. துபாயில் வழக்குப் போட்டால் நிறுவனம் வராது. ஊருக்குள் தொலைமருத்துவம் செய்ய 2020 மார்ச்சில் வந்த வழிகாட்டுதல் இருக்கிறது, ஆனால் அதையும் பாலிசி ஏற்கிறதா என்று கேளுங்கள். படத்தையும் பதிலையும் கேஸ் ஷீட்டில் சேர்த்து வையுங்கள். போன் தொலைந்தால் உங்கள் சாட்சியும் தொலைந்தது.

இன்னொன்று, நேற்று ராத்திரி படுத்த பிறகு தோன்றியது. நோய்க்கான சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அழகுக்கான சர்ஜரிக்கும் முடி மாற்றுக்கும் உண்டு. வரிக்காரனும் நம் பாலிசிக்காரன் போட்ட அதே கோட்டைத்தான் போட்டிருக்கிறான். பஞ்ச் கிராஃப்டுக்கு உங்கள் பில்லில் என்ன எழுதுகிறீர்கள்? "காஸ்மெடிக் புரொசீஜர்" என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்திருந்தால், நாளைக்கு வக்கீல் சார் எவ்வளவு வாதாடினாலும் உங்கள் பில்லே எதிர்ச்சாட்சி சொல்லும்.

பாளை வேம்பு | சனி, காலை 9:10

சாஃப்ட்வேரில் மூன்றே தலைப்பு: ஆலோசனை, மருந்து, காஸ்மெடிக் புரொசீஜர். வெண்புள்ளிக்காரர்கள் எல்லோரும் மூன்றாவதில் இருக்கிறார்கள்!

செங்கோட்டைச் சாரல் | சனி, காலை 9:25

ஒப்புதல் படிவத்தையும் அப்படியே பாருங்கள். 2008இல் சமீரா கோலி வழக்கில், ஒன்றுக்கு வாங்கிய சம்மதம் இன்னொன்றுக்கு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம்மில் பலர் மெஷின் விற்ற கம்பெனி கொடுத்த ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குகிறோம். தமிழில், கருமை வரலாம் என்ற வார்த்தையோடு, ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாக. படம் எடுக்கும்போது முன்னும் பின்னும் ஒரே வெளிச்சத்தில் எடுங்கள். என் பழைய படங்களில் பாதி ஜன்னல் ஓரம், பாதி டியூப் லைட்டில். எதையும் நிரூபிக்காது.

பாளை வேம்பு | அடுத்த வியாழன், இரவு 10:50

நடந்ததை எழுதிவிடுகிறேன். ஏஜென்டை விட்டுவிட்டு நேராக வண்ணார்பேட்டையில் கிளை அலுவலகத்துக்குப் போனேன். செய்கிற ஒவ்வொன்றையும் எழுதிக் கொடுத்தேன்: முடி நீக்கும் லேசர், பீல், பஞ்ச் கிராஃப்ட், மச்சம் எடுப்பது, தழும்புக்குள் ஊசி. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. பிரீமியம் கூடியது, ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை, சில ஆயிரங்கள்தான். விகிதத்தை 1:1 ஆக்கிக்கொண்டேன். லேசரும் பீலும் நானே செய்தால் சேரும் என்று ஒப்பந்தச் சேர்க்கைத் தாள் தந்திருக்கிறார்கள். வெண்புள்ளிக்கான பஞ்ச் கிராஃப்ட், "நோய்ச் சிகிச்சையாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால்" என்ற வாலோடு உள்ளே வந்துவிட்டது. டெக்னீஷியனைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அவள் படிப்பு போதாதாம்.

அதனால் திங்கள் முதல் லேசர் முழுவதும் நான்தான். சாயங்காலம் எட்டுப் பேருக்குப் பதில் நான்கு பேர். அவளை முன்பதிவுக்கும் படம் எடுப்பதற்கும் மாற்றியிருக்கிறேன், ஒரே டியூப் லைட், ஒரே நாற்காலி, தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறாள்.

அந்த அதிகாரி கடைசியாக ஒன்று கேட்டார். முந்தைய மூன்று வருடம் மருத்துவமனையில் பார்த்த நோயாளிகளுக்கு ரெட்ரோ தேதி வேண்டுமா என்று. மருத்துவமனை பாலிசியில் என் பெயர் இருந்ததா என்று கேட்டு அவர்களுக்கு மெயில் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

பென்ஷன் மேஜை | அடுத்த வெள்ளி, காலை 6:00

மெயில் போதாது டாக்டரம்மா. ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி, கொடுத்ததற்கான அத்தாட்சியை வாங்கி வையுங்கள். சாயங்காலம் நான் அந்தப் பக்கம்தான் வருகிறேன், சேர்க்கைத் தாளை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். அந்த வால் எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும்.